மேசைக்கு வராத இதழ்

இதழ் அலமாரியின் தட்டின் மேல் நூலகர் விரலை இழுத்தார். தூசி ஒட்டியது.

அடுத்த தட்டிலும் ஒட்டியது. அதற்கடுத்ததிலும்.

நான்காவது தட்டில் ஒட்டவில்லை.

விரலைத் திருப்பிப் பார்த்தார். மீண்டும் இழுத்தார்.

அந்தத் தட்டில் இருந்தது உவர்நிலத் தாவரங்களைப் பற்றிய அயல்நாட்டு ஆய்விதழ். ஆண்டுக்கு நான்கு வரும். கடந்த ஓராண்டில் அதைப் படித்தவர் எவருமிலர் என்று அவரே எழுதி, பல்கலைக்கழக நூலகர் என்ற முத்திரையோடு கையொப்பமும் இட்டிருந்தார்.

அந்தத் தாள் உறைக்குள் இருந்தது. உறை அவருடைய அறையில் இருந்தது. நான்கு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஆள் வரும்.

"பேச்சித்தாய், இந்தத் தட்டத் துடைச்சீங்களா?"

உதவியாளர் பேச்சித்தாய் எண்ணிக்கை நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"மேசைக்கே வராத புஸ்தகத்த நான் ஏன் சார் தொடப் போறேன்? அந்த வரிசையில எனக்குச் சோலியே கிடையாது."

எண்ணும் முறை அவர் வகுத்தது. படித்த இதழை மேசையிலேயே விட்டுச் செல்ல வேண்டும். மாலையில் பேச்சித்தாய் மேசைகளைச் சுற்றி வருவாள். கிடக்கும் இதழ் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு. பிறகுதான் தட்டில் அடுக்குவாள். கோடு விழாத இதழுக்கு அடுத்த ஆண்டு சந்தா இல்லை.

எழுதுகிறவருக்கும் ஒன்றும் கொடாமல், அதைச் சரிபார்க்கிறவருக்கும் ஒன்றும் கொடாமல், படிக்கிறவரிடம் மட்டும் ஆண்டுதோறும் கூடுதல் சந்தா கேட்கும் இதழ் நிறுவனங்கள், இந்த ஆண்டும் கேட்டிருந்தன. எண்பத்தோர் இதழ்களில் இருபத்துமூன்றை நிறுத்தியாக வேண்டும்.

சரியாக இருபத்துமூன்றுக்குத்தான் கோடு விழவில்லை. அன்று அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டரை மணிக்குச் சகாயராணி வந்தாள். தாவரவியல் துறை ஆய்வு மாணவி. நான்காம் ஆண்டு. உப்பளத்து வரப்புகளில் முளைக்கும் செடிகளைப் பற்றி எழுதுகிறாள்.

அவருக்கு வணக்கம் சொன்னாள். நான்காவது தட்டிலிருந்து இதழை எடுத்தாள். சன்னலோர மேசையில் அமர்ந்தாள்.

அவர் தலையை உயர்த்தினார்.

தட்டுகளுக்கு மேலே சுவரில் ஒரு மரப்பலகை. வெள்ளை எழுத்து.

எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைக்கவும்.

பணியில் சேர்ந்த ஆண்டில் அவர் எழுதி மாட்டியது. புதிய விதியைத் தாளில் அச்சிட்டு மேசைதோறும் ஒட்டச் செய்தவர், பழைய பலகையைக் கழற்றச் சொல்லவில்லை.

அறைக்குள் சென்று அமர்ந்தார்.

உறையைப் பிரித்தால், எண்ணிக்கை பிழை என்று எழுத வேண்டும். பிழை தம்முடையது என்றும் எழுத வேண்டும்.

பேனாவின் மூடியைத் திறந்தார். மூடினார்.

நான்கு மணிக்கு ஆள் வந்தான். "குடுங்க சார்" என்றான்.

அவருடைய கை, மேசையிலிருந்த உறையை எடுத்துக் கொடுத்தது. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கரைக்குச் சகாயராணி எழுந்தாள். இதழை நான்காவது தட்டில் வைத்தாள். விளிம்பு மற்றவற்றோடு ஒட்டி நிற்கும்படி ஒரு விரலால் தள்ளிச் சரிசெய்தாள். அவருடைய அறை வாசலில் நின்றாள்.

"அடுத்தது எப்ப சார் வரும்? இதுல முதல் பகுதிதான் போட்டிருக்காங்க. ரெண்டாம் பகுதிய வச்சுத்தான் என் கடைசி அத்தியாயமே."

"வந்ததும் சொல்றேம்மா."

"சரி சார்."

போனாள்.

அவர் எழுந்து தட்டுக்குச் சென்றார். இதழை எடுத்தார். சன்னலோர மேசைக்குக் கொண்டுவந்து, அவள் அமர்ந்திருந்த இடத்தில் வைத்தார்.

பேச்சித்தாய் நோட்டோடு வந்தாள். மேசையருகே நின்றாள். பெயரைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினாள்.

"பாத்தீங்களா சார், இதையும் ஒருத்தரு படிச்சிருக்காவ."

கோடு போட்டாள்.

கோடு நேராக இருக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார்.