வடை கடிக்கும் படம்

ஸ்டேட்டஸைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் படம்.

வாய் முழுக்க உளுந்த வடை. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. கன்னத்தில் சட்னி.

வடிவுதான். அவளுடைய நாத்தனார்.

இந்தப் படத்தால்தான் பேச்சு நின்றது. வடிவு மகனின் காதுகுத்தில் எடுத்தது. இவள்தான் ஃபேஸ்புக்கில் போட்டாள். அப்போதெல்லாம் யார் பொறுக்கிப் போட்டார்கள்? அன்று எடுத்த அத்தனையையும் மொத்தமாக ஏற்றினாள். தன் முகம் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாள்.

வடிவு அவளை அன்ஃபிரண்ட் செய்தாள்.

பிறகு சொந்தக்காரர்கள் எல்லோரும் ஃபேஸ்புக்கை விட்டு வாட்ஸப்புக்கு வந்தார்கள். சண்டையும் கூடவே வந்தது.

'சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லாம் சொந்தம் அல்ல' என்று ரோஜாப்பூவோடு வடிவு ஸ்டேட்டஸ் வைப்பாள். இவள் பதிலுக்குச் சிங்கம் வைப்பாள். 'குரைப்பதைக் கேட்டுச் சிங்கம் திரும்பாது.' சாத்தூர்ச் சித்தி இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் போன் போட்டு நியாயம் பேசுவாள்.

பொங்கலுக்குப் பிறகு ரோஜாக்கள் நின்றன.

வாசகமும் இல்லை. வடிவு வைத்ததெல்லாம் வெறும் படங்கள். தட்டு நிறையப் பிழிந்த முறுக்கு. தொட்டியில் பூத்த பிச்சி. கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு வாசல் நிலை வைத்தது.

முறுக்குக்கு எதிராகச் சிங்கத்தை எப்படி வைப்பது? இவளும் நிறுத்திவிட்டாள்.

சித்தியிடமிருந்து போனே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டியில் அந்த வீட்டுக்குப் பால்காய்ப்பு. அண்ணனுக்கு அழைப்பு வந்துவிட்டது. அண்ணிக்கென்று தனியாக ஒரு வார்த்தை இல்லை. என்னைக் கூப்பிடாத வீட்டுக்கு நான் எதற்கு என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவள் புருஷன் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான்.

இன்று இந்தப் படம்.

ஊர் பார்க்க இதைத் தானே வைத்துக்கொள்வாளா ஒருத்தி?

காப்பியும் கையுமாக, எல்லோருடைய ஸ்டேட்டஸையும் ஒன்று விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான் அவன். தினமும் அவனுக்கு அதுதான் பேப்பர்.

"உங்க தங்கச்சி ஸ்டேட்டஸ் பாத்தீயளா?"

"வடிவா? அவதான் ஸ்டேட்டஸ் வைக்கிறதையே விட்டுட்டாளே. பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணும் வைக்கலையே."

போனை நீட்டிக் காட்டினான். சித்தி இருந்தாள். பால்காரர் இருந்தார். வடிவு இல்லை.

அவள் தன் போனைப் பார்த்தாள்.

முறுக்கு.

பிச்சி.

வாசல் நிலை.

பிறகு முக்குக் கடையில் உளுந்த வடை வாங்கிவரச் சொன்னாள். சட்னியோடு. இப்போதேயா என்றான். இப்போதே என்றாள்.

கண்ணாடி முன்னால் நின்று சீப்பை எடுத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

அவன் வருவதற்குள், தன் ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கலாம் என்று கேட்கும் இடத்துக்குப் போனாள். ஒரே ஒரு பெயரைத் தொட்டாள்.

வடை வந்தது.

போனை அவன் கையில் கொடுத்தாள். ஒரு வடையை அப்படியே வாய்க்குள் திணித்தாள். சட்னியைத் தொட்டுக் கன்னத்தில் இழுவிக்கொண்டாள். ஒரு கண்ணை மூடினாள்.

அவன் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். சிரிப்பில் கை ஆடியது. எப்படியோ எடுத்து முடித்தான்.

அப்புறம் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ, ஞாயித்துக்கெழம?"

வாய் நிறைய வடை.

அலமாரி மேலிருந்த பெட்டியைக் கையால் காட்டினாள்.