கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"இன்னைக்கு சபை சிரிக்கலைன்னா உங்க நிகழ்ச்சிக்கு மூடுவிழாதான். மேலிடத்துல ரேடியோவைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார் நிலைய அதிகாரி.

இதைச் சொல்ல அந்த மனிதருக்கு வேறு நேரமே கிடைக்கவில்லை. நேரடி ஒலிபரப்பு தொடங்கி நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. பதினோரு வருடமாக வாரம் தவறாமல் வானொலியில் ஊரைச் சிரிக்க வைத்த எழுத்தாளர், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வெளிறிப்போய் நின்றார். எழுதுவது, இயக்குவது எல்லாம் அவர்தான். நடிகர்கள் மேடையில் பேசப் பேச, இவர் உள்ளே நின்று ஒவ்வொரு வசனத்துக்கும் வாயசைத்து, முகத்தை அஷ்டகோணலாக்குவார். உள்ளே ஒரு தனி நாடகம் ஓடுகிறது என்று அவர்கள் கேலி செய்வதுண்டு.

மாமனார் வேஷக்காரர் நல்ல வசனம் ஒன்றை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். சபையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

முதல் வரிசையில் எழுத்தாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் கலகலவென்று ஆரம்பித்தால் பின்னால் இருக்கும் முந்நூறு பேரையும் அது தொற்றிக்கொள்ளும். வாரா வாரம் அப்படித்தான். இன்றைக்கோ அவர் முகமும் வாடியிருந்தது.

"உங்க வீட்டம்மாவுக்கே சிரிப்பு வரலையே" என்றார் அதிகாரி.

எழுத்தாளருக்குச் சுரீரென்று உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கு இடிக்கும் அளவுக்குக் கண்ணாடியை நெருங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"என்ன மனுஷங்க நீங்க? பொழைப்பே போகப்போகுது, இளிச்சுக்கிட்டு நிக்கறீங்களே."

எழுத்தாளரின் கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. முகம் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

முதல் வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. அடுத்த நொடி சபையே அதிர்ந்தது. அதன் பிறகு கடைசி வசனம் வரை ஓயவே இல்லை.

நாடகம் முடிந்ததும் மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. பேசிவிட்டு அதிகாரி நேராக முதல் வரிசைக்குப் போனார். எழுத்தாளர் அதற்குள் மனைவியின் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"நிகழ்ச்சி தொடரட்டும்னு சொல்லிட்டாங்கம்மா. உங்க சிரிப்புதான் காப்பாத்துச்சு. எந்த வசனம் ரொம்பப் பிடிச்சுது?"

அந்த அம்மாள் அதிகாரியைக் கவனிக்கவே இல்லை. கணவரின் கன்னத்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, ஏன் என்பதுபோல் கையை விரித்தார்.

"அவளுக்கு ஒரு வசனமும் தெரியாது சார்" என்றார் எழுத்தாளர். "காது போய் எட்டு வருஷமாச்சு. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் சிரிப்பா."