மூன்று மணி வசவு

எங்கள் பட்டுக்கடை சூப்பர்வைசர் தர்மனுக்கு மத்தியானம் மூன்று மணியானால் போதும், கலைவாணி அக்காவைத் திட்டியாக வேண்டும். அதுவும் வாடிக்கையாளர் எதிரில்.

"உனக்கு வியாபாரம் பேசவே வரல. போய் குஞ்சம் முடி. அஞ்சு மணிக்கு முன்னாடி உன் மூஞ்சி இங்க தெரியக் கூடாது."

சேலை முந்தியில் குஞ்சம் முடியும் அறை கடையின் பின்பக்கம். அக்கா தலையைக் குனிந்துகொண்டு போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்து வருஷமாகச் சேலை விரித்துக் காட்டுகிறவள். அவளுக்கா வியாபாரம் வராது?

வாடிக்கையாளருக்கு நாற்காலி, காப்பி. எங்களுக்குக் காலையிலிருந்து ராத்திரி ஒன்பதுவரை இரண்டு கால்தான். ஊழியர் உட்கார நாற்காலி தரவேண்டும் என்று சட்டமே வந்துவிட்டதாம். எங்கள் கடை வாசலை அது இன்னும் தாண்டவில்லை.

போன வாரம் சாப்பிடும்போது அக்கா புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினாள். கெண்டைக்கால் முழுக்க நரம்பு பச்சைப்பச்சையாகப் புடைத்துச் சுருண்டு கிடந்தது.

"நின்னுக்கினே இருந்தா ரத்தம் மேல ஏறாம கீழயே தேங்கிடுதாம். அதான் நரம்பு வீங்கி தோலுக்கு மேல தெரியுதுன்னு டாக்டர் சொன்னாரு. இப்படியே விட்டா புண்ணாயிடுமாம்."

இந்தக் காலோடு நிற்கிறவளையா தினம் அவமானப்படுத்துகிறான்? அன்றைக்கும் மூன்று மணிக்குக் கத்தினான். வேலை போனாலும் போகட்டும் என்று நேரே முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

முதலாளி பொறுமையாகக் கேட்டார். "தினம் ரெண்டு மணி நேரமா? நல்லவேளை சொன்னம்மா துளசி. இனிமே கலைவாணி கவுன்ட்டரை விட்டு நகர மாட்டா" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

மறுநாள் மூன்று மணிக்கு தர்மன் வாயையே திறக்கவில்லை. வேண்டும் இவனுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு அக்கா கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பக்கத்தில் போய், முதலாளியிடம் சொன்னது நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

அக்கா முகம் கறுத்துவிட்டது.

"உன்னை யாருடி சொல்லச் சொன்னது? அவரு கத்தினதே மத்தவங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான். திட்டாம அனுப்பினா, எதுக்கு அனுப்பறேன்னு கேப்பாங்க. அந்த ரூம்லதான் தினம் ரெண்டு மணி நேரம் காலை நீட்டி உக்காந்துக்கினு இருந்தேன்."