கிரனாடா

தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, கடல்கடந்து நடக்கும் ஒரு போரை ஒட்டுக்கேட்பதுதான் ஜெசிந்தாவின் வேலை. அதற்காக அவளுக்கு ஸ்பானிஷ் மொழியில் ஆயுதங்களின் பெயர்களை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதில் எது காதில் விழுந்தாலும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மற்றதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுக்கேட்க அவளுக்கு ஒதுக்கிய அந்த ஊர் வீட்டில் ஒரு பெண் நாளெல்லாம் தன் குழந்தையோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒன்றும் புரியாது. ஆனாலும், பேச ஆளில்லாத வீட்டுக்குத் திரும்பும் ஜெசிந்தாவுக்கு அந்தக் குரல்தான் துணை.

ஒரு நாள் அந்தப் பெண், "கிரனாடா!" என்றாள். கையெறிகுண்டு.

ஜெசிந்தா தயங்கினாள். "சிரிச்சிக்கிட்டே சொல்லுதாங்க, சார்."

"சிரிப்பு நமக்கெதுக்கும்மா? வார்த்தை வந்துட்டுல்ல, அழுத்துங்க," என்றார் மேற்பார்வையாளர்.

அழுத்தினாள். சற்று நேரத்தில் ஹெட்போனில் குண்டு வெடிக்கும் பெரும் இரைச்சல் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியிடம் கேட்டாள்: "கிரனாடாவுக்கு வேற அர்த்தம் உண்டா?"

"உண்டு. மாதுளம்பழம்."

மறுநாள் மேற்பார்வையாளர் அவளுக்கு வேறொரு வீட்டை ஒதுக்க வந்தார். ஜெசிந்தா ஹெட்போனைக் கழற்றவில்லை.

"இதுலயே இருக்கேன், சார். பிள்ளை அழுற சத்தமாவது கேக்குதான்னு பாக்கேன்."