பரங்கிக்காய்ப் படையல்

"அக்கா, நிஜத்தைச் சொல்லுங்க. தினம் என்ன சாப்பிடுறீங்க?"

மதிவதனி குந்தவையின் விரலை, தோலில் தங்கும் சத்தை அளக்கும் சின்னக் கருவிக்குள் மறுபடியும் வைத்து அழுத்தினாள். உள்ளே நீல வெளிச்சம் வந்து போனது. மூன்றாவது முறையும் அதே பெரிய எண். சர்க்கரை நோய் ஆய்வுக்காக மன்னார்குடியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கூட்டியில் வரும் பெண் அவள்.

"சோறு, குழம்பு, ரசம். வேற என்ன?"

"கேரட், பப்பாளி, பரங்கிக்காய்?"

"பரங்கிக்காயா? அந்த வாசனையே எனக்கு ஆகாது. சமைப்பேன், வாயில வச்சதில்ல."

"உள்ளங்கையைப் பாருங்க."

குந்தவை பார்த்தாள். ஒரு வாரமாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சமையல் மஞ்சள் என்று நினைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"காமாலையா?"

"கண்ணு வெள்ளையாத்தானே இருக்கு. இது கரோட்டின். மஞ்சக் காய்ல இருக்கிற சத்து. வாரக்கணக்கா நிறையச் சாப்பிட்டா தோல்ல தங்கிடும். பயப்பட ஒண்ணுமில்ல. மிஷின் உங்களை மாதிரி மறைக்காது, அவ்வளவுதான்."

குந்தவைக்குச் சிரிப்பு வரவில்லை.

"நல்லதுதான்க்கா. இந்தச் சத்து உடம்புல நிறைய இருக்கிறவங்களுக்கு இன்சுலின் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு கவனிச்சிருக்காங்க. அதுதான் காரணமா, வேற ஏதாவதான்னு பார்க்கத்தான் நாங்க அலையறோம்."

"சுகர் இருக்கிறவங்க பரங்கிக்காய் சாப்பிடலாமா?"

"அளவாச் சாப்பிடலாமே. யாரு வேண்டாம்னது?"

குந்தவை உள்ளங்கைகளை மடக்கிக்கொண்டாள்.

அவள்தான் வேண்டாம் என்றாள். 'இனிக்குதில்ல, அப்புறம் என்ன?' என்று சர்க்கரை நோய் இருந்த மாமியாருக்கு இரண்டு வருஷம் ஒரு துண்டு கொடுக்கவில்லை. கொல்லையில் அவர் கையால் போட்ட கொடியில் காய்த்ததையெல்லாம் எண்ணி எண்ணி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். கடைசி நாளிலும் அவர் கேட்டார். குந்தவை கஞ்சியை நீட்டினாள். வாயைத் திறக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்களில் கோபமில்லை, பயம்தான் இருந்தது. தன்னைப் பார்த்து ஒருவர் அப்படிப் பயந்திருக்கிறார் என்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அவள் படையலை நிறுத்தவில்லை. இரண்டு மாதமாகத் தினமும் விளக்கு வைத்ததும் மாமியார் படத்துக்கு முன்னால் இலை போட்டு, பரங்கிக்காய்க் கூட்டைக் குவித்து வைப்பாள். காலையில் இலை காலியாக இருக்கும்.

"பூனையா இருக்கும்" என்றான் கணவன் இளஞ்செழியன்.

"பூனை தின்னுட்டு இலையை மடிச்சா வைக்கும்?"

அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டான். அத்தை வருகிறார், சாப்பிடுகிறார், மன்னித்துவிட்டார் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் அவளுக்குத் தூக்கமே வந்தது.

மதிவதனி போன பிறகு, உளுந்து வயலிலிருந்து வந்த கணவன் முன்னால் குந்தவை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"ஏங்க, படையலைத் தின்னது நானா?"

அவன் துண்டை உதறி மெதுவாகக் கொடியில் போட்டான். கைகளை நெடுநேரம் பார்த்தான்.

"முதல் வாரமே பார்த்தேன். தூக்கத்துல எழுந்து போறே."

"அப்ப அத்தை வரவே இல்லையா? எல்லாம் நான்தானா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சொல்லுங்க. பார்த்துட்டு ஏன் என்னை எழுப்பலை?"

"எழுப்பத்தான் வந்தேன் குந்தவை. பேரைச் சொல்லித் தோளைத் தொட்டேன்." அவன் குரல் இறங்கியது. "நீ இலையிலேர்ந்து தலையைத் தூக்கலை. உன் வாயிலேர்ந்து அம்மா குரல்தான் வந்துச்சு: 'மெல்லப் பேசுடா செழியா, அவ முழிச்சுக்கப் போறா.'"