முதுகில் குத்திய முள்

கடலடியில் ஊர்ந்து திரிந்து, என்றைக்கோ கல்லாகிப்போன பூச்சி ஒன்று இருந்தது. அதற்குத் தன் பின்னால் வந்தவன்மேல் தீராத கோபம். வரிசையாகப் போகும்போதே அதன் கூட்டத்தார் எல்லோரும் சேற்றில் புதைந்து ஒரே கல்லுக்குள் இறுகிவிட்டார்கள். அன்று முதுகில் குத்திய அவனுடைய நீள முள் இன்றைக்கும் அங்கேயேதான் இருந்தது.

ஆராய்ச்சி மேஜையில் சிந்திய சர்க்கரையைத் தேடி ஓர் எறும்பு கல்மேல் ஏறியது. பூச்சி அதனிடம் புலம்பியது.

"எனக்குத்தான் கண் இல்லை. இவனாவது பார்த்து வரக் கூடாதா? இந்தக் குத்துக் குத்துறானே!"

"உங்க முள்ளும் முன்னால இருக்கிறவர் முதுகுலதானே இருக்கு?"

"அது வேற. வழி தவறிடக் கூடாதேன்னு தொட்டுக்கிட்டுப் போனேன்."

எறும்புக்குச் சிரிப்பு வந்தது. "இப்பத்தான் இந்தக் கல்லை லென்ஸ் வெச்சுப் பார்த்த ஆராய்ச்சிக்கார அம்மா சொன்னாங்க. உங்க வரிசையில ஒருத்தருக்குமே கண் கிடையாதாம். முன்னால போறவரை முள்ளால தொட்டுக்கிட்டேதான் எல்லாரும் பிரியாம போயிருக்கீங்களாம்."

"இவனுக்கும் இல்லையா?"

"இல்லை. சேறு வந்து மூடினப்பகூட உங்களை விடலை பாருங்க."

பூச்சி நினைத்துப் பார்த்தது. கடல் வற்றி அங்கே மலை எழுந்த பிறகும், ஒருவன் தன்னையே நம்பிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். தான் ஒரு நாளும் தனியாக இருந்ததில்லை.

எறும்பு சர்க்கரையைப் பார்த்துப் போனதும், பூச்சி முதல்முறையாகப் பின்னால் இருந்தவனிடம் வாய் திறந்தது.

"தம்பி, முள் நழுவிடப் போகுது. இன்னும் கொஞ்சம் அழுத்தியே குத்துப்பா."