முடிச்சுப் போடும் கணினி

திருமணத் தகவல் மையம் அனுப்பி, பெண் பார்த்துவிட்டுக் கிளம்பிய பையன் இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார்.

"இன்னிக்குத்தான் பார்க்கிறோம். எடுத்த எடுப்பிலே எப்படிம்மா சரின்னு சொல்றது?" என்று இழுத்தார் அப்பா. "உன் கம்ப்யூட்டரையே கேட்போம்."

மகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நாலு விவரம் கொடுத்தால் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, சொல்லாத ஐந்தாவதையும் சொல்லிவிடும்படி அவளே உருவாக்கியது. பழக்குவதற்குத் தன் வீட்டு விவரங்களைத்தான் ஏற்றியிருந்தாள்.

அப்பா ஒற்றை விரலால் தட்டினார்: 'பையன் கை கழுவப் போனார். குளியலறைக் கதவை லேசாகத் தூக்கித் தள்ளித் திறந்தார்.'

திரையில் பதில் வந்தது: 'அந்தக் கதவைத் தூக்கித் தள்ள வேண்டும் என்பது புதியவர்களுக்குத் தெரியாது. ஆகவே, இவர் முன்பே இங்கே வந்தவர்.'

"என்னடி உளறுது?"

"உளறலைப்பா. நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப ஒருநாள் வந்தார். காதல்னு சொன்னா குதிப்பீங்கன்னுதான் மையம் மூலமா வரவச்சேன்."

"அப்பாடா! போன வாரம் உனக்குத் தெரியாம என்கிட்ட சம்மதம் கேட்க வந்தப்பவும் அந்தக் கதவை அப்படித்தான் திறந்தார். அவருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சுபோச்சு!"

"அப்போ... சம்மதம்?"

"அன்னிக்கே கொடுத்தாச்சு. 'உங்க பொண்ணு கஷ்டப்பட்டுப் போட்ட திட்டம், தெரியாத மாதிரியே இருந்துடுங்க மாமா'ன்னு அவர்தான் கெஞ்சினார்."